பெரியாற்று அணையும் அளவுகோலும்

கார்த்திகைத் திங்களில் ஒரு நாள், இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்த காலைப் பொழுதில், நாம் நம் மாணாக்கர் சிலருடன் அண்ணாமலையை வலமாகச் சுற்றிச் செல்லும் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். ஏறக்குறைய ஒன்பது மைல் தொலைவுள்ள அப்பாதையின் மேற்குப் புறத்தே, மலையடியில் அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. அவ்வூரை அடைந்தபோது, மலைச் சரிவுகளினின்றும் இறங்கிய மழைநீர் சிறு சிறு ஓடைகளாய்ப் பாதையைக் கடந்து தாழ்ந்த நிலங்களை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. மாணாக்கர் சற்று நின்று அதனைப் பார்த்தனர்.

அவருள் ஒருவன் வினவினான்: “ஐயா, இம்மலையின் முடியில் விழும் துளி ஒரு சாண் கிழக்கே விழுந்தால் நகரத்துப் பக்கம் இறங்கிவிடுகிறது; ஒரு சாண் மேற்கே விழுந்தால் இவ்வூருக்கு வருகிறது. அப்பக்கம் இறங்கிவிட்ட நீரை இப்பக்கம் கொண்டுவர வழி உண்டா?”

வினாச் சிறிது, விடையோ பெரிது. வழி உண்டு என்றும், நம் நாட்டிலேயே அவ்வாறு செய்து காட்டப்பட்டது என்றும், ஆயினும் அவ்வழியைக் கண்டோர் பட்ட பாட்டையும் உடன் கேட்டல் வேண்டும் என்றும் சொல்லி, நடை முடியுமளவும் பெரியாற்று அணையின் வரலாற்றை அவர்கட்குக் கூறி வந்தோம். அன்று வாய்மொழியாகச் சொன்னவற்றையே ஈண்டு வரிசைப்படுத்தி, அன்று சொல்லாது விட்ட சிலவற்றையும் சேர்த்து எழுதுகின்றோம்.

நீர் பிரியும் மேடு

ஒரு மலையின் முதுகு அதன்மேல் விழும் மழையை இரு கூறாகப் பிரிக்கின்றது. அண்ணாமலை ஒரு தனி மலையாதலின், இப்பக்கத்து நீருக்கும் அப்பக்கத்து நீருக்கும் உள்ள வேறுபாடு சில மைல் அளவே. மேற்குத் தொடர்ச்சி மலையோ அத்தகையது அன்று. அதன் முதுகில் ஒரு சாண் மேற்கே விழுந்த துளி அரபிக்கடலுக்குச் செல்லும். ஒரு சாண் கிழக்கே விழுந்தது வங்கக்கடல் நோக்கி வரும். ஆனி, ஆடித் திங்களில் தென்மேற்குக் காற்றுக் கொண்டுவரும் மேகங்கள் அம்மலையில் மோதித் தம் நீரின் பெரும்பகுதியை மேற்குச் சரிவிலேயே சொரிந்துவிடுகின்றன. மலையைக் கடந்து கிழக்கே வரும் காற்று வறண்ட காற்றாகவே வருகின்றது. ஆகவே, கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை நாடும் இராமநாதபுரமும் மழை மறைவு நாடுகளாயின. அங்கே ஓடும் வையை ஆண்டின் பல திங்களில் மணலாறாகவே கிடந்தது.

மலையின் மறுபுறத்தே, சிவகிரிப் பக்கத்து மலைகளில் தோன்றும் பெரியாறு, முல்லையாற்றைச் சேர்த்துக்கொண்டு, அடர்ந்த காட்டினூடே மேற்கு நோக்கி ஓடிக் கடலிற் கலக்கின்றது. ஒரு பக்கம் நீர் மிகுதி. மற்றொரு பக்கம் நீர் வறுமை. இடையே ஒரு மலைச்சுவர். சில இடங்களில் அச்சுவர் ஒரு மைலுக்குச் சற்று மிகுந்த கனமே உடையது. இஃது ஒன்றே பெரியாற்றுத் திட்டத்தின் வித்து.

கனவும் கணக்கும்

அவ்வித்தை முதலில் கண்டவர் ஆங்கிலப் பொறியாளர் அல்லர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சேதுபதியிடம் பிரதானியாயிருந்த முத்திருளப்ப பிள்ளை என்பார், மேற்கே ஓடும் நீரைக் கிழக்கே திருப்பலாகுமா என்று ஆராய்ந்து வரும்படி ஆட்களை மலைக்கு அனுப்பினார் என்பது வரலாறு. ஆகும் என்று அவர்கள் வந்து சொல்லியும், அதற்கு வேண்டிய பொருள் சமஸ்தானத்தில் இன்மையின் அம்முயற்சி நின்றது. பின்னர், 1808-ஆம் ஆண்டில் கால்டுவெல் என்னும் கும்பினிப் பொறியாளர் அவ்விடத்தைப் பார்வையிட்டு, இது வீண் கனவு என்று எழுதி ஒதுக்கினார். 1850-ஆம் ஆண்டில் சிறிய அளவில் ஒரு வேலை தொடங்கப்பட்டு, காய்ச்சலாலும் கூலித் தகராற்றாலும் கைவிடப்பட்டது. 1867-ஆம் ஆண்டில் மேஜர் ரைவ்ஸ் என்பார் 162 அடி உயரமுள்ள மண் அணை ஒன்றை வரைந்தளித்தார். அதுவும் ஏட்டளவில் நின்றது.

இதற்கிடையே 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் பற்றியது. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். அதன்பின் பெரியாற்று நீரைப் பற்றிய பேச்சு வெறும் ஆராய்ச்சிப் பேச்சாக இருத்தல் இயலாதாயிற்று. 1882-ஆம் ஆண்டில் மேஜர் ஜான் பென்னிகுயிக் என்பவரிடம் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அவர் வரைந்த திட்டம் 1884-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. அணை அமையும் இடமோ திருவிதாங்கூர் நாட்டின் காட்டில் இருந்தது. ஆதலின் 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், 8,000 ஏக்கர் நிலத்தை ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வீதம் 999 ஆண்டுகளுக்குக் குத்தகையாகத் தரும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 1887-ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று.

மாணாக்கர் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ரைவ்ஸ் வரைந்தது மண் அணை. பென்னிகுயிக் வரைந்தது கல்லும் காரையுமான அணை. மண்ணால் ஆகிய அணையின் தலைமேல் வெள்ளம் ஒரு முறை வழிந்தால் அது கரைந்துபோம். கற்காரை அணையின்மேல், கட்டும்போதே வெள்ளம் ஏறி வழிந்தாலும், அடியோடு அழிந்துவிடாது. எப்பொழுது பெருக்கெடுக்கும் என்று அறியக்கூடாத காட்டாற்றின் நடுவே நின்று கட்டுவோர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

இவ்வணை செய்யும் வேலை யாது?

அணை என்றால் நீரைத் தேக்குவது என்று நாம் எல்லோரும் சொல்லுவோம். பெரியாற்று அணை அதற்கு மேலும் ஒன்று செய்கின்றது: நீரைத் தூக்குகின்றது.

ஆற்றின் படுகை தாழ்ந்த இடத்தில் உள்ளது. மலைச்சுவரைக் குடைந்து செல்லும் சுரங்கத்தின் வாயோ மிக உயரத்தில் உள்ளது. அணையிடத்து அளவுகோலில் நீர் 104 அடிக்கு மேல் ஏறினாலன்றி, ஒரு துளியும் கிழக்கே வாராது. அணை நிரம்பினால், அதாவது நீர் 152 அடியை எட்டினால், தேங்கும் நீர் ஏறக்குறைய 1,550 கோடி கன அடி. அதில் ஏறக்குறைய 1,050 கோடி கன அடியே கிழக்கே வரத்தக்கது. எஞ்சிய மூன்றில் ஒரு பங்கு என்றும் அங்கேயே கிடந்து, மேலுள்ள நீரைத் தன் தோளில் ஏந்தி நிற்கின்றது. ஏற்றம் இறைப்பார் சாலால் செய்யும் வேலையை, இங்கே ஒரு கற்சுவர் அசையாது நின்று செய்கின்றது என்று கொள்ளலாம்.

உயர்த்தப்பட்ட நீர் தேக்கடிக்கு அருகே ஏரியின் ஒரு கிளையினின்றும் வெட்டுவாய்க்கால் வழியே சென்று, ஒரு மைலுக்கு மேல் நீண்ட சுரங்கத்துள் புகுந்து, மலையின் கிழக்குப் புறத்தே வெளிப்படுகின்றது. அங்கிருந்து மலைச்சரிவில் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் ஆறுகளிற் சேர்ந்து, வையையை அடைகின்றது. பேரணை என்னுமிடத்தில் வையையினின்றும் பிரியும் பெரியாற்றுப் பெருங்கால்வாய் அந்நீரை மேலூர்ப் பக்கத்து வயல்களுக்குக் கொண்டு செல்கின்றது. பிற்காலத்தில், 1959-ஆம் ஆண்டில், ஆண்டிபட்டிக்கு அருகே வையை அணையும் எழுந்தது. மலையினின்றும் நீர் இறங்கும் வேகத்தைக்கொண்டு மின்சாரம் எடுக்கும் நிலையமும் 1950-களின் பிற்பகுதியில் கீழ் முகாமில் இயங்கத் தொடங்கிற்று. அதன் ஆற்றல் முன்பு 140 மெகாவாட்டாயிருந்தது.

எடையால் நிற்றல்

இனி, அணை எவ்வாறு நிற்கின்றது என்று பார்ப்போம். ஆற்றுப்படுகைக்கு மேல் 155 அடியும், கடைகாலிலிருந்து 176 அடியும் உயரமுள்ளது இவ்வணை. நீளம் 1,200 அடி. முடியில் 12 அடி அகலமும் அடியில் ஏறக்குறைய 138 அடி அகலமும் உடையது. குறுக்கே அறுத்துப் பார்ப்போமாயின், ஏறக்குறைய முக்கோண வடிவம். ஏன் இவ்வடிவம்?

நீரின் அழுத்தம் அதன் ஆழத்தைப் பொறுத்தது. பரப்பைப் பொறுத்தது அன்று. பின்னால் நிற்பது இருபது மைல் நீண்ட ஏரியாயினும், ஒரு கிணற்றளவு நீராயினும், ஆழம் ஒன்றாயின் சுவரின்மேல் விழும் அழுத்தமும் ஒன்றே. நன்னீர் ஒரு கன அடி ஏறக்குறைய 62½ பவுண்டு எடை உள்ளது. ஆகவே 150 அடி ஆழத்தில் ஒவ்வொரு சதுர அடியின்மேலும் 9,000 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு. மேல்மட்டத்தில் அழுத்தம் இல்லை. இரண்டின் சராசரியை ஆழத்தால் பெருக்கினால், அணையின் ஒவ்வோரடி நீளத்தின்மேலும் ஏறக்குறைய 313 டன் உந்தல் விழுகின்றது என்று தெரியவரும். ஆழம் இரு மடங்கானால் உந்தல் நான்கு மடங்காகும். பத்தடி நீர்மட்டம் உயர்வது, அடியில் ஒரு பொருள், மேலே முற்றிலும் வேறொரு பொருள் என்பதை மாணாக்கர் நெஞ்சிற் பதித்துக்கொள்ளல் வேண்டும். இவ்வணையைப் பற்றிய இக்காலத்து வழக்குகளெல்லாம் இந்தச் சில அடிகளைப் பற்றியனவே.

இவ்வுந்தலைத் தாங்குவது எது? அணையின் தன் எடை. வேறு கட்டு இல்லை, வளைவு இல்லை, இரும்பு இல்லை. நீர் அதனைக் கவிழ்க்கவும் நகர்த்தவும் முயலும். அணை தன் கனத்தால் பாறையை இறுக மிதித்து நிற்கும். ஆழம் மிகும் இடத்தில் உந்தல் மிகுதலின், அங்கே அகலமும் மிகுகின்றது. முக்கோணம் அழகுக்காக வந்தது அன்று, கணக்கினின்றும் வந்தது.

சுண்ணாம்பும் செங்கற்பொடியும்

இக்காலத்துச் சிமெண்டு அக்காலத்தில் நம் நாட்டிற் பெருகவில்லை. அணையின் முன்முகமும் பின்முகமும் சுண்ணாம்புக் காரையில் பதித்த கருங்கற் கட்டு. உள்ளே நிரப்பியது சுண்ணாம்பும் சுர்க்கியும் உடைகல்லும் கலந்த கற்காரை. சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணை, அல்லது செங்கல்லை, இடித்தெடுத்த பொடி.

தனிச் சுண்ணாம்பு காற்றுப் பட்டே இறுகும். நீருக்குள் வைத்தால் இறுகாது. செங்கற்பொடியைச் சேர்த்தாலோ, அப்பொடியிலுள்ள மணற்சத்தும் களிமண் சத்தும் சுண்ணாம்பொடு கூடி, நீருக்குள்ளேயே மெல்ல மெல்லக் கல்லாகின்றன. உரோமர் எரிமலைச் சாம்பலைக்கொண்டு இதனையே செய்தனர். நம் ஊர்ப் பழைய மெத்தை வீடுகளின் தளத்தில், சுண்ணாம்பொடு செங்கற் சல்லியும் பொடியும் கலந்து, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, பெண்கள் வரிசையாயமர்ந்து பலகையால் தட்டித் தளமிட்டதைக் கண்ட முதியோர் இன்னும் உளர். அவர்கள் கைவேலையும் பெரியாற்று அணையின் உள்ளீடும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. புதுமை பொருளில் இல்லை. அப்பொருளை 176 அடி உயரத்துக்கு நம்பி அடுக்கிய கணக்கில் உள்ளது.

காட்டில் எட்டு ஆண்டு

கணக்கு ஏட்டில் சரியாயிருந்தால் போதாது. ஆற்றில் சரியாக வேண்டும். இருப்புப்பாதை அம்மையநாயக்கனூரோடு நின்றது. அங்கிருந்து மலையடி வரை மாட்டுவண்டி, அதன்மேல் மலை. மலையடிப் பக்கத்தில் எடுத்த சுண்ணாம்புக்கல் முதலிய பொருள்களை மேலேற்றக் கம்பிவடப் பாதை அமைத்தனர். சென்னைப் பயனியர் படையினரும், கொச்சியிலிருந்து வந்த தச்சரும், கீழ்நாட்டுக் கூலியாட்களும் அங்கே கூடினர்.

ஓடுகின்ற ஆற்றை ஒருபுறம் ஒதுக்கி, மறுபுறம் கடைகால் தோண்டுதலே பெருந்துன்பமாயிற்று. ஆற்றைத் தடுக்கப் போட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. ஒரு பருவத்து உழைப்பு ஓர் இரவில் போயிற்று. மறு பருவம் மீண்டும் தொடங்கினர். வெள்ளத்திற்குத் தப்பினோரைக் காட்டுக் காய்ச்சல் பற்றியது. கொசு அக்காய்ச்சலைப் பரப்புகின்றது என்பதை ரொனால்டு ராஸ் கண்டறிந்து நிறுவியது 1897-ஆம் ஆண்டில். அணையோ 1895-ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டது. ஆகவே, தம்மைக் கொல்வது யாதென்று அறியாமலே அம்மக்கள் அங்கு உழைத்தனர்.

நோயால் இறந்தோராக எழுத்திற் பதிவானவர் 483 பேர். அணைக்கு அருகிலேயே அவர்களைப் புதைத்தனர். இந்த 483 என்னும் எண்ணை 155 என்பதனோடும் 1,200 என்பதனோடும் சேர்த்தே மாணாக்கர் மனப்பாடம் செய்தல் வேண்டும் என்பது நம் கருத்து. அணையின் அளவுகளைச் சொல்லும் ஏடுகள் பல இந்த அளவைச் சொல்லாது விடுகின்றன.

1895-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார். மேற்கே ஓடிய நீர் கிழக்கே வந்தது.

அதே ஆண்டில் நேர்ந்த மற்றொன்று

நாம் அன்று நடைவழியிற் சொல்லாது விட்ட செய்தி இது. அதே 1895-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள், பிரான்சு நாட்டில் எபினால் நகரையடுத்த பூசே என்னும் கல்லணை உடைந்தது. எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதுவும் பெரியாற்று அணையைப் போலத் தன் எடையால் நிற்கும் அணையே. அதனை வரைந்தவரும் கணக்கு அறியாதவர் அல்லர்.

அவ்வழிவை ஆராய்ந்தோர் ஓர் உண்மையை உலகுக்கு எடுத்துக் காட்டினர். அணையின் உட்புறத்துச் சந்துகளிலும் அடிப்பாறையின் இடுக்குகளிலும் புகும் நீர், கீழிருந்து மேல் நோக்கி அணையை உந்துகின்றது. கிணற்று நீருக்குள் உள்ள கல்லைத் தூக்குவோர் அது கனம் குறைந்திருப்பதை அறிவர். அதுபோலவே அணையும் தன் எடையில் ஒரு பகுதியை இழக்கின்றது. எடையால் நிற்கும் அணைக்கு எடை குறைவது எத்துணைக் கேடு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. 1880-களில் எழுந்த அணைகளை வரைந்த காலத்தில், இம்மேலுந்தலைக் கணக்கிற் சேர்க்கும் வழக்கம் இருந்ததில்லை.

இதனைச் சொல்லுவது முன்னோரைக் குறை கூறுதற்கன்று. ஒரு காலத்தின் சிறந்த கணக்கும் அக்காலத்து அறிவின் எல்லைக்குள் அடங்கியதே என்பதற்காகவே சொல்லுகின்றோம். எந்த அணையும் ஒரு முறை கணக்கிட்டு முடிந்துவிடுவது அன்று; ஒவ்வொரு தலைமுறையும் தன் புதிய அறிவைக்கொண்டு அதனை மீண்டும் அளத்தல் வேண்டும்.

பெரியாற்று அணைக்கும் அவ்வாறே நிகழ்ந்தது. அதன் பாதுகாப்பைப் பற்றிய ஐயம் எழுந்தமையின், 1979-ஆம் ஆண்டில் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. மத்திய நீர்க்குழுமத்தின் அறிவுரைப்படி அணை வலுவாக்கப்பட்டது. அதன் முடியின்மேல் இரும்புக் கம்பி பதித்த கற்காரைத் தொப்பி வைத்தனர். அது மேலிருந்து எடையைக் கூட்டுகின்றது. அணையைத் துளைத்து எஃகு வடங்களை அடிப்பாறையிற் பிணைத்து இறுக்கினர். அவை அணையைப் பாறையொடு சேர்த்து அழுத்துகின்றன. பின்புறத்தே புதிய கற்காரைச் சுவரைச் சேர்த்தனர். அது முக்கோணத்தை அகலப்படுத்துகின்றது. மூன்றும் முன்சொன்ன ஒரே கணக்கின் மூன்று விடைகள் என்பதைக் கூர்ந்து நோக்குவோர் அறிவர்.

2006-ஆம் ஆண்டிலும், பின்னர் ஐவர் அமர்ந்த ஆயத்தில் 2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாளிலும், உச்சநீதிமன்றம் நீரை 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வழக்கு அத்துடன் மக்கள் நெஞ்சில் ஓய்ந்துவிடவில்லை. அணையின் கீழே வாழும் கேரளத்து மக்களுக்கு அச்சம் உண்டு. கிழக்கே தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டத்து மக்களுக்கு அந்நீரே வாழ்வு. இரண்டும் மெய்யான உணர்ச்சிகளே. எனினும், அச்சம் அணையை உடைப்பதில்லை. அன்பு அதனைத் தாங்குவதுமில்லை. கசிவு நீர் நாள் ஒன்றுக்கு எவ்வளவு, அது கூடுகிறதா குறைகிறதா, நிலம் அதிர்ந்தால் அணை எவ்வளவு அசைகின்றது என்னும் அளவுகளே இரு நாட்டார்க்கும் பொதுவான மொழி. அம்மொழியைக் கற்றவர் இரு பக்கத்திலும் மிகுதல் வேண்டும்.

கதையும் சான்றும்

பென்னிகுயிக் என்னும் பெயரைத் தேனி நாட்டார் தம் பிள்ளைகளுக்கு இடுகின்றனர். அவர் பிறந்த சனவரி 15-ஆம் நாளில் பொங்கலிடுகின்றனர். கீழ் முகாமில் அவருக்கு 2013-ஆம் ஆண்டில் மணிமண்டபமும் திறக்கப்பட்டது. நன்றி மறவாமை நம் நாட்டின் பண்பு. அதனைக் கண்டு மகிழ்கின்றோம்.

ஆயினும், அவரைப் பற்றி வழங்கும் கதை ஒன்று உண்டு. அரசாங்கம் பணம் தர மறுத்தபோது, அவர் இங்கிலாந்து சென்று தம் சொத்தை விற்று வந்து அணையைக் கட்டி முடித்தார் என்பது அது. கேட்போர் கண்ணில் நீர் வருவிக்கும் கதை. ஆனால் அதற்கு எழுத்துச் சான்று காணப்படவில்லை. அணை அரசாங்கத்தின் ஒப்புதலோடு அரசாங்கப் பொருளால் நடந்த வேலை. அதன் வரலாற்றை உடனிருந்த பொறியாளர் மெக்கன்சி என்பார் 1899-ஆம் ஆண்டில் நூலாகவே எழுதி வைத்துள்ளார். பென்னிகுயிக்கும் தம் வேலையைப் பற்றி இலண்டன் பொறியாளர் கழகத்தில் கட்டுரை அளித்தார்.

சிலர், கதை பொய்யாயினும் அதனால் விளையும் நன்றி மெய்தானே, அதனை ஏன் கெடுக்கவேண்டும் என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. அவருடைய மெய்யான பெருமை கதையில் சொல்லும் பெருமையினும் பெரிது. முன்னிருந்தோர் வீண் கனவு என்று ஒதுக்கியதை எடுத்துக் கணக்கிட்டதும், வெள்ளம் அடித்துச் சென்ற இடத்திலேயே மறு பருவமும் நின்றதும், சொத்து விற்றதைக் காட்டிலும் அரிய செயல்கள். அன்றியும், ஒருவர் தம் பணத்தால் அணை கட்டினார் என்னும் கதை, முத்திருளப்ப பிள்ளையின் ஆட்களையும், ரைவ்ஸின் வரைபடத்தையும், கல் சுமந்து மாண்ட 483 பேரையும் மறைத்துவிடுகின்றது. ஒருவருக்குக் கடன்பட்டதாக எண்ணி அமைதல் எளிது. பலருக்குக் கடன்பட்டோம் என்று அறிதலே உண்மைக்கு அணித்தானது.

மீண்டும் அடி அண்ணாமலை

இத்துணையும் கேட்ட மாணாக்கருள் ஒருவன், “அந்த அணை தொலைவில் உள்ளது, நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?” என்றான். நாம் தெற்கே கையை நீட்டிக் காட்டினோம். நம் மாவட்டத்திலேயே தென்பெண்ணையின் குறுக்கே சாத்தனூர் அணை உள்ளது. 1958-ஆம் ஆண்டில், காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில் திறக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 119 அடி. அதுவும் பெரியாற்று அணை படித்த பாடங்களின்மேல் எழுந்ததே.

2024-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், பெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழையில் இவ்வண்ணாமலையின் சரிவே நெகிழ்ந்து, பாறையும் மண்ணும் வீட்டின்மேல் விழ, ஓரிடத்தில் ஏழு உயிர்கள் மடிந்தன. மறுநாள் விடியுமுன் சாத்தனூர் அணையினின்றும் நொடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேறிற்று. கீழ்க்கரை ஊர்கள் வெள்ளத்தில் அமிழ்ந்தன. அணை நின்றது, ஆயினும் மக்கள் துன்புற்றனர். கட்டுதலோடு ஒரு தலைமுறையின் வேலை முடியலாம். எப்பொழுது எவ்வளவு நீரை விடுவது, யாருக்கு எத்துணை நேரம் முன்னே சொல்லுவது என்னும் வேலையோ ஒவ்வொரு மழைக்கும் புதிதாய்த் தொடங்குகின்றது. அவ்வேலையைச் செய்யப்போகின்றவர் இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணாக்கரே.

முதலில் வினவிய மாணாக்கனுக்கு நாம் இறுதியாக ஒரு சிறு வேலை கொடுத்தோம். நேரே பெரியாற்றுக்குப் போகவேண்டா. அடுத்த மழையன்று அடி அண்ணாமலையில் ஓர் ஓடையின் கரையில் நின்று, நீர் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், ஓர் இலை பத்தடி தூரம் மிதந்து செல்ல எத்தனை நொடி ஆகின்றது என்று அளந்து குறித்து வருக. அம்மூன்றையும் கொண்டு நொடிக்கு எத்தனை கன அடி நீர் மலையினின்றும் இறங்குகின்றது என்று கணக்கிடுக. அந்நீர் எங்கே செல்கின்றது, வழியில் எது அதனைத் தடுக்கின்றது என்று பின்தொடர்ந்து பார்க்க. பெரியாற்றுத் திட்டமும் இத்தகைய ஒரு நாளிலே, மலைமேல் ஏறி நீரின் போக்கை நோக்கிய சிலரால் தொடங்கியதே.

அவன் தன் குறிப்பேட்டை எடுத்து அன்றே ஓடையண்டை நின்றுவிட்டான். மழை மீண்டும் தூறத் தொடங்கிற்று. நாமும் குடையைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நின்றோம்.